மணற்கடல் கடந்த மக்ரிபு நாட்டுப் பயணி இப்னு பதூதா

ஏரியும் கடலும் சூழ்ந்த பழவேற்காட்டில் வாழும் நமக்குப் பாலைவனப் பயணி ஒருவரின் வரலாறு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். முகத்துவாரத்தில் படகு செலுத்துவோரைக் கேட்டால் இதற்கு விடை கிடைக்கும். நேற்றுப் படகு சென்ற வழியில் இன்று மணல் மேடிட்டு நிற்கும். எங்கே ஆழம், எங்கே திட்டு என்பது அவர்களின் கண்ணுக்கும் கைக்கும் மட்டுமே தெரியும். பாலைவனமும் அவ்வாறே. காற்று வீசினால் மணற்குன்று இடம்பெயரும். நேற்றைய தடம் இன்று இராது. இத்தகைய நிலத்தில் வழியறிந்தவர் எவர், அவரை நம்பி மக்கள் எவ்வாறு உயிர் பிழைத்தனர் என்பதைக் கண்ணாரக் கண்டு உலகுக்குச் சொல்லிச் சென்றவர் இப்னு பதூதா அவர்கள்.

அவர் நம் சோழமண்டலக் கரையிலும் கால் பதித்தவர். நம் இல்லங்கள் பலவற்றிலிருந்து பிள்ளைகள் பிழைப்பு நாடிச் செல்லும் அரபு நாட்டுப் பாலை வழிகளையும் நடந்து கடந்தவர். ஆகவே அவர்தம் வாழ்க்கையை, குறிப்பாக அவர் மேற்கொண்ட பாலைப் பயணங்களை, இவ்வாண்டு மலரில் ஜமாஅத் பெருமக்களின் பார்வைக்கு வைக்கின்றோம்.

பிறப்பும் புறப்பாடும்

அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு அப்துல்லாஹ் என்பது இவரது இயற்பெயர். மொராக்கோ நாட்டின் தன்ஜா நகரில், ஹிஜ்ரி 703ஆம் ஆண்டு ரஜப் மாதம் (கி.பி. 1304 பிப்ரவரி) பிறந்தார். பெர்பர் இனத்தின் லவாத்தா குலத்தைச் சேர்ந்த குடும்பம். காஜிகள் பலரைத் தந்த குடும்பம். இவரும் மாலிக்கி மத்ஹபின் சட்டக் கல்வியே கற்றார்.

ஹிஜ்ரி 725 ரஜப் மாதம் (கி.பி. 1325 ஜூன்), தமது 21ஆம் வயதில், ஹஜ் செய்யும் எண்ணத்துடன் வீட்டை விட்டுப் புறப்பட்டார். உடன் வரத் தோழர் எவரும் இல்லை. சேர்ந்து செல்லக் கூட்டமும் இல்லை. பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். ஹஜ்ஜை முடித்துத் திரும்பிவிடுவார் என்றே அவர்கள் கருதியிருப்பர். ஆனால் அவர் மீண்டும் மொராக்கோ மண்ணை மிதித்தது 1349ஆம் ஆண்டில்தான். தந்தை இறந்து 15 ஆண்டுகள் கடந்துவிட்டதைத் திரும்பும் வழியில் திமிஷ்க்கு நகரில் கேள்வியுற்றார். கொள்ளைநோயால் தாயார் மறைந்த செய்தி, ஊரை நெருங்கும்போது கிடைத்தது. நீண்ட பயணத்திற்கு அவர் கொடுத்த விலை இது. அயல்நாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் பிள்ளைகளைப் பெற்ற நம்மூர்ப் பெற்றோருக்கு இதன் வலியை விளக்க வேண்டியதில்லை.

அவர் பெருவணிகர் அல்லர், செல்வந்தரும் அல்லர். சென்ற இடமெல்லாம் ஸாவியாக்கள், மதரஸாக்கள், வக்பு விடுதிகள் ஆகியன அவருக்கு உணவும் உறைவிடமும் தந்தன. கல்வியாளர் என்பதால் மன்னர்கள் அன்பளிப்பு வழங்கினர். டெல்லியிலும் மாலத்தீவிலும் காஜி பதவி கிட்டியது. ஏறத்தாழ 1,20,000 கிலோமீட்டர் தூரம் அவர் பயணம் செய்ததாகக் கணக்கிடுவர்.

ஹிஜாஸ் பாலை வழியில்

1326ஆம் ஆண்டு அவர் திமிஷ்க்கிலிருந்து சிரியா நாட்டு ஹாஜிகளின் காஃபிலாவுடன் மதீனா நோக்கிச் சென்றார். வழியில் தபூக்கில் நான்கு நாள் தங்கல். அங்கே தண்ணீர் விற்போர் ஊற்றின் அருகே எருமைத் தோலால் பெரிய தொட்டிகள் அமைத்து, ஒட்டகங்களுக்கு நீர் காட்டி, தோற்பைகளை நிரப்பித் தருவர். செல்வாக்கு உள்ளவருக்குத் தனித் தொட்டி உண்டு. ஏனையோர் கூலி பேசி நீர் பெறுவர். அதன்பின் பாலையின் அச்சத்தால் இரவு பகல் பாராது காஃபிலா விரையும்.

இடையில் உஹைளிர் என்னும் பள்ளத்தாக்கு. ஓர் ஆண்டு அங்கே ஸமூம் எனப்படும் அனற்காற்று வீசி, கொண்டுவந்த நீரெல்லாம் வற்றிப்போயிற்றாம். ஒரு மிடறு நீரின் விலை ஆயிரம் தீனாராக உயர்ந்தது. விற்றவரும் மாண்டார், வாங்கியவரும் மாண்டார். இச்செய்தி அங்கே பாறையில் பொறிக்கப்பட்டிருந்ததாக இப்னு பதூதா தெரிவிக்கிறார். பின்னே வருவோருக்காக யாரோ ஒருவர் கல்லில் வெட்டி வைத்த எச்சரிக்கை அது.

அதற்கப்பால் ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர். அங்குள்ள கிணற்று நீரை ஹாஜிகள் தாகத்திலும் தொடுவதில்லை. அங்கிருந்து அரைநாள் தொலைவில் பேரீச்சந் தோட்டங்கள் சூழ்ந்த அல்உலா. அவ்வூரார் நம்பிக்கைக்கு உரியவர்கள். ஆதலால் ஹாஜிகள் தம்மிடம் மிகுந்த உணவுப் பொருள்களை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு மேற்செல்வது வழக்கம். சிரியா நாட்டுக் கிறிஸ்தவ வணிகர்களும் அல்உலா வரை வந்து ஹாஜிகளுக்குப் பண்டங்கள் விற்றுச் சென்றனர்.

ஹஜ்ஜுக்குப்பின் மக்காவிலிருந்து ஈராக் நோக்கிச் சென்றபோது, கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் சுபைதா அம்மையார் பெயரால் வழங்கும் சாலையில் நடந்தார். ஹாஜிகளுக்காக அவ்வம்மையார் அமைத்த குளங்களும் கிணறுகளும் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகும் தாகம் தீர்த்து வந்தமையை அவர் நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

ஹிஜ்ர் 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. சவூதி நாட்டில் அப்பெருமை பெற்ற முதல் இடம் அது. 2019 முதல் அந்நாடு சுற்றுலா விசாவும் வழங்கி வருகிறது. அங்கே பணிபுரியும் நம் பிள்ளைகள் விடுமுறையில் அப்பகுதிக்குச் செல்வதாயின், இப்னு பதூதா கண்டவற்றை முன்னரே படித்தறிந்து செல்வது பயன் தரும்.

நம் கரையில்

1333இல் சிந்து நதியைக் கடந்து இந்தியா வந்த அவர், டெல்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கிடம் காஜியாகப் பணியாற்றினார். பின்னர் சீனாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். கோழிக்கோட்டில் நேர்ந்த கப்பற் சேதத்தில் அத்தூது குலைந்தது. அதன்பின் மாலத்தீவில் காஜியாக இருந்து, 1344இல் இலங்கை சென்றார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகி, ஆதம் மலை ஏறி இறங்கினார்.

இலங்கையிலிருந்து மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கு வருகையில், காற்று முற்றி, கப்பல் ஆழமற்ற நீரில் தட்டியது. மாலுமிகள் பாய்மரத்தை வெட்டிக் கட்டுமரம் போன்ற மிதவை செய்தனர். உடன் வந்தோரை முதலில் கரைக்கு அனுப்பிவிட்டு, இப்னு பதூதா இரவு முழுதும் கப்பலிலேயே இருந்தார். விடிந்ததும் அக்கரைவாழ் மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். உலகம் சுற்றியவர் அன்று பிழைத்தது, நம்மைப் போன்ற கரையோரத்தாரின் கைகளால்தான்.

அப்போது மதுரையை ஆண்டவர் கியாதுத்தீன் தாமகானி. சுல்தானின் மனைவியும் இப்னு பதூதா முன்னர் மணந்திருந்த பெண்ணும் உடன்பிறந்த சகோதரிகள். எனினும் அச்சுல்தான் போரில் பிடிபட்டோரையும், பெண்களையும், குழந்தைகளையும் கொன்ற கொடுமையை அவர் மறைக்கவில்லை. அது மிக இழிந்த செயல் என்றும், வேறெந்த அரசரும் செய்ததாகத் தாம் அறியாதது என்றும் கண்டித்துள்ளார். உறவினர், உபசரித்தவர், தம் மார்க்கத்தவர் என்பதற்காக உண்மையை அவர் வளைக்கவில்லை.

மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அவரும் கடும் காய்ச்சலுக்கு ஆளானார். நம் நாட்டில் தாராளமாய்க் கிடைக்கும் புளியை நீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு போய், காய்ச்சல் நீங்கப் பெற்றதாகக் கூறுகிறார். நம் சமையலறைப் புளி இவ்வாறு ஓர் உலக வரலாற்று நூலில் இடம்பெற்றுவிட்டது.

பின்னர் மேற்குக் கரையில் கடற்கொள்ளையர் அவரைச் சூறையாடினர். இலங்கையில் பெற்ற முத்தும் மாணிக்கமும் போயின. அவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. புகாரா நகர அறிஞர்களின் கல்லறைகளிலிருந்து தம் கையால் எழுதிவைத்திருந்த குறிப்புகளும் அக்கொள்ளையில் அழிந்தன. இவ்விழப்பை அவர் தம் நூலில் நினைவுகூர்கிறார்.

ஸஹாராவின் குறுக்கே

தாயகம் திரும்பியும் அவர் கால் ஓயவில்லை. ஸஹாராவுக்குத் தெற்கே பொன் விளையும் மாலி நாட்டைக் காண விழைந்தார். பாலையின் வாயிலான ஸிஜில்மாஸா நகரில் அவருக்கு இடமளித்தவர் ஓர் அறிஞர். அவருடைய உடன்பிறந்தாரை இப்னு பதூதா முன்னர் சீனாவில் சந்தித்திருந்தார். அக்காலத்து முஸ்லிம்களின் பயண வீச்சை இதனினும் தெளிவாகக் காட்டும் செய்தி அரிது. அங்கே ஒட்டகங்கள் வாங்கி, அவற்றுக்கு நான்கு மாதத் தீவனமும் சேர்த்துக்கொண்டு, ஹிஜ்ரி 753 முஹர்ரம் முதல் நாள் (கி.பி. 1352 பிப்ரவரி 18) வணிகர் காஃபிலாவுடன் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 48.

25 நாட்களில் தகாஸா என்னும் உப்புச் சுரங்க ஊரை அடைந்தனர். அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன. மரமே கிடையாது, நீரும் உவர்நீர், ஈக்களின் தொல்லை வேறு. மஸூஃபா குலத்தாரின் அடிமைகள் உப்பை வெட்டி எடுத்தனர். பேரீச்சை, ஒட்டக இறைச்சி, தெற்கிலிருந்து வரும் தினை ஆகியவையே அவர்களின் உணவு. ஓர் ஒட்டகச் சுமை உப்பு வலாத்தாவில் 8 முதல் 10 மிஸ்கால் பொன்னுக்கு விற்றது. மாலி நகரிலோ 20 முதல் 30, சிலபோது 40 மிஸ்கால் வரை விலை போயிற்று. ஒரு மிஸ்கால் என்பது ஏறத்தாழ நாலேகால் கிராம். அந்நாட்டில் உப்பைத் துண்டு செய்து நாணயமாகவே பயன்படுத்தினர்.

தகாஸாவுக்கு அப்பால் பத்து நாள் நீரற்ற வழி. அவ்வாண்டு மழை பெய்து ஆங்காங்கே குட்டைகள் தேங்கியிருந்தமையால் தப்பினர். ஆயினும் அவ்வழியில் ஒரு துயரம் நேர்ந்தது. இப்னு ஸீரி என்பவர் தம் உறவினர் ஒருவருடன் பிணங்கி, கூட்டத்தை விட்டுப் பின்தங்கினார். காஃபிலா தங்கியபோது அவரைக் காணவில்லை. தேட ஆளனுப்பியும் அவர் மீளவில்லை. அதுவரை ஒட்டகத்தைக் கூட்டத்துக்கு முன்னே செலுத்தி வந்த இப்னு பதூதா, அன்று முதல் முன்னேயும் செல்லவில்லை, பின்தங்கவும் இல்லை. ஒரு சிறு மனத்தாங்கல் பாலையில் உயிரையே பறித்துவிடுகிறது. கடலில் ஒரே படகில் செல்வோர் கரையில் சண்டையை இறக்கி வைத்துவிட்டு ஏறுவதன் காரணமும் இதுவன்றோ!

மற்றொருவர் பாம்பு பிடிப்பதில் விருப்பமுள்ள வணிகர். இப்னு பதூதா தடுத்தும் கேளாமல், உடும்பு இருக்குமென எண்ணி வளையில் கை விட்டார், பாம்பு தீண்டியது. விரலை இழந்து உயிர் தப்பினார். தீண்டுமுன் அப்பாம்பு நீர் அருந்தியிருக்க வேண்டும், இல்லையேல் இவர் இறந்திருப்பார் என்று மஸூஃபா மக்கள் கூறினராம்.

வழியறிந்தவர்கள்

தஸறஹ்லா என்னும் நீர்நிலையில் மூன்று நாள் தங்கித் தோற்பைகளைச் செப்பனிட்டனர். அங்கிருந்துதான் தக்ஷீஃப் என்னும் முன்னோடித் தூதர் அனுப்பப்படுவார். மஸூஃபா குலத்தவரான அவர், காஃபிலாவினரின் கடிதங்களைச் சுமந்து, தனியாளாக வலாத்தா நோக்கிச் செல்வார். செய்தி கிடைத்ததும் அவ்வூரார் நான்கு இரவுத் தொலைவு எதிர்கொண்டு வந்து தண்ணீர் தருவர். தக்ஷீஃப் வழியில் இறந்துவிட்டால் காஃபிலா வருவதை யாரும் அறியார்; அதில் உள்ளோரில் பெரும்பாலோர் தாகத்தால் மடிவர். நூற்றுக்கணக்கான உயிர்கள் ஒருவரின் நினைவாற்றலைப் பற்றி நின்றன. அவருக்கு வழங்கிய கூலி 100 மிஸ்கால் பொன். ஏழாம் நாள் இரவு, எதிர்கொண்டு வந்தோரின் நெருப்பு வெளிச்சம் தெரிந்தபோது காஃபிலாவினர் அடைந்த மகிழ்ச்சியை இப்னு பதூதா பதிவு செய்துள்ளார்.

காஃபிலாவை நடத்திச் சென்ற வழிகாட்டியோ ஒரு கண் இழந்தவர். மறு கண்ணும் நோயுற்றிருந்தது. அவரே அவ்வழியை எல்லாரினும் நன்கறிந்தவராய் இருந்தார். கற்றறிந்த காஜி, பார்வை குன்றிய பாலைவாசியின் பின்னே நடந்தார். சிஜில்மாஸாவிலிருந்து இரண்டு மாதத்தில் வலாத்தா வந்து சேர்ந்தனர்.

மாலி நாட்டில்

மாலி மன்னர் மன்ஸா சுலைமானின் நாட்டில் இப்னு பதூதா எட்டு மாதங்கள் தங்கினார். அவரிடம் சற்றுப் பெருமித மனமும் உண்டு. வலாத்தாவில் அளித்த தினைக்கூழை விருந்தாக ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை. மன்னர் அனுப்பிய வரவேற்புப் பரிசு மூன்று ரொட்டியும், பொரித்த இறைச்சியும், ஒரு குடுவைத் தயிரும் என்று கண்டு சிரித்துவிட்டார். இவற்றையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் நல்லவற்றைப் புகழ அவர் தயங்கவில்லை. அந்நாட்டில் அநீதி அரிது; பயணிக்குக் கள்வர் அச்சமில்லை; அயலார் அங்கே இறந்தால் அவர்தம் உடைமை உரியவர் வரும்வரை தீண்டப்படாமல் காக்கப்படும்; ஜும்ஆவுக்கு முற்கூட்டியே செல்லாவிடில் இடம் கிடைக்காது; வெள்ளியன்று தூய வெண்ணிற ஆடை அணிவர்; குர்ஆன் மனனத்தில் பேரார்வம் காட்டுவர். தம் பழக்கத்துக்கு மாறாக, மஸூஃபா குலத்தில் சொத்து சகோதரியின் மகனுக்குச் செல்வதையும், அங்குப் பெண்கள் மிகுந்த மதிப்புடன் இருப்பதையும் வியப்புடன் எழுதினார்.

பின்னர் திம்புக்து, காவ் நகரங்களைக் கண்டு, செம்பு விளையும் தகத்தா வழியே 1353 செப்டம்பரில் திரும்பினார். அக்காஃபிலாவில் 600 அடிமைப் பெண்கள் கொண்டுசெல்லப்பட்டனர். பாலை வணிகத்தின் இந்தக் கொடிய பக்கத்தை நாம் மறைத்துப் பேசுதல் முறையன்று. பொன்னும் உப்பும் சென்ற அதே வழியில் மனிதரும் விற்கப்பட்டனர்.

எழுத்தில் நிலைத்த பயணம்

மொராக்கோ சுல்தான் அபூ இனான் ஆணைப்படி, இப்னு பதூதா வாய்மொழியாகக் கூற, கிரனாதாவைச் சேர்ந்த எழுத்தாளர் இப்னு ஜுஸை எழுதினார். 1355 டிசம்பரில் நூல் நிறைவுற்றது. ரிஹ்லா என வழங்கும் அந்நூலில் திமிஷ்க்கு, மக்கா, மதீனா பற்றிய சில பகுதிகள் முன்னோடியான இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என ஆய்வாளர் காட்டியுள்ளனர். சீனப் பயணப் பகுதியைப் பற்றி ஐயம் எழுப்பியோரும் உண்டு. அவர் காலத்திலேயே அரசவையினர் பலர் அவர் கூற்றுகளை நம்பவில்லை என்றும், காணாததை மறுத்துவிடலாகாது என ஓர் அமைச்சர் தமக்கு அறிவுரை கூறினார் என்றும் வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் எழுதியுள்ளார். ஆயினும் 14ஆம் நூற்றாண்டு மாலி நாட்டை நேரில் கண்டு எழுதப்பட்ட நூல் இது ஒன்றே. மதுரை சுல்தான்கள் பற்றிய நேரடிச் சான்றும் இந்நூலில் உண்டு.

பிற்காலத்தில் அவர் மொராக்கோவில் காஜியாகப் பணியாற்றி, ஹிஜ்ரி 770இல் (கி.பி. 1368–69) மறைந்தார் எனக் கருதப்படுகிறது. 1853 முதல் 1858 வரை பாரிஸ் நகரில் அரபு மூலமும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் நான்கு தொகுதிகளாக வெளிவந்தபின்பே அவர் புகழ் உலகெங்கும் பரவியது.

அவர் கண்ட திம்புக்து 1988இலும், வலாத்தா 1996இலும் உலக மரபுச் சின்னங்களாயின. 2012இல் ஆயுதக் குழுக்கள் திம்புக்துவைக் கைப்பற்றி, பெரியோர்களின் அடக்கத் தலங்களை இடித்தன. அவ்வேளையில் அவ்வூர் மக்களும் நூலகப் பொறுப்பாளர்களும் பழஞ்சுவடிகளைப் பெட்டிகளில் ஒளித்து, வண்டியிலும் படகிலுமாகத் தலைநகர் பமாகோவுக்குக் கடத்திக் காத்தனர். மரபைக் காத்தவர்கள் அங்கும் பெயரறியாத எளிய மக்களே.

நமக்குரிய பாடம்

இப்னு பதூதாவின் வரலாற்றில் நம் மனத்தை உறுத்தும் குறை ஒன்றுண்டு. மன்னர்கள், காஜிகள், வணிகர்கள் எனப் பல நூறு பெயர்களை அவர் நினைவிலிருந்து சொன்னார். ஆனால் பார்வை குன்றிய அந்த வழிகாட்டியின் பெயர் நூலில் இல்லை. உயிரைப் பணயம் வைத்து முன்னே ஓடிய தக்ஷீஃபின் பெயரும் இல்லை. சோழமண்டலக் கரையில் அவரை மீட்ட படகோட்டியின் பெயரும் இல்லை. அவர்கள் இல்லையேல் ரிஹ்லா என்னும் நூலே இல்லை.

நம்மூரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். டச்சுக்காரர்களின் கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அவற்றில் பெயரும் ஆண்டும் கல்லில் உள்ளன. ஆனால் ஏரியில் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் இறால் திரளும், பாடு முறையில் மீன்பிடி இடங்கள் எவ்வாறு முறைவைத்துப் பகிரப்பட்டன, முகத்துவாரம் எந்தெந்த ஆண்டு அடைபட்டது என்பன எந்தக் கல்லிலும் இல்லை. முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளன. நம் பெண்மக்களின் பனையோலைப் பின்னலில் உள்ள வகைகளின் பெயர்கள், அரபுத் தமிழ் ஏடுகளை வாசிக்கும் திறன், பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டிய சூரியக் கடிகாரத்தைக் கணிக்கும் முறை ஆகியவையும் அவ்வாறே. ஒவ்வொரு ஜனாஸாவுடனும் இவற்றில் ஒரு பகுதி மண்ணுக்குள் போகிறது.

இப்னு பதூதா எழுதிய குறிப்புகளைக் கடற்கொள்ளையர் அழித்தனர். நாமோ எழுதாமலேயே இழந்து வருகிறோம். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு வைத்து, பள்ளியில் பயிலும் பிள்ளைகள் தம் பாட்டனார், பாட்டியாரிடம் கேட்டு எழுதுமாறு வேண்டுகின்றோம். எழுதும்போது சொன்னவரின் பெயரையும், எழுதிய நாளையும் மறவாமல் குறிக்க வேண்டும். படகோட்டியின் பெயரும், வலை பின்னுவோரின் பெயரும், கூடை முடைவோரின் பெயரும் அதில் இடம்பெற வேண்டும். நம் அண்டைக் குப்பங்களில் வாழும் மீனவப் பெரியோரிடமும் சென்று கேட்டல் நலம். ஏரி நம் அனைவருக்கும் பொது.

அயல்நாட்டில் உள்ள பிள்ளைகளும் தாம் காணும் ஊர்களைப் பற்றி எழுதி அனுப்பலாம். பாலைக்குள் செல்வோர் தனித்துச் செல்லாமலும், செல்லும் வழியைப் பிறரிடம் சொல்லாமல் புறப்படாமலும், வழியறிந்த உள்ளூராரின் சொல்லை மீறாமலும் இருப்பார்களாக. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் இப்னு பதூதா கண்டறிந்த இவ்விதிகள் கைப்பேசி வழிகாட்டும் இக்காலத்திலும் மாறவில்லை.

வழியறிந்தோரை மதிக்கும் உள்ளத்தையும், அறிந்ததைப் பின்வருவோருக்கு எழுதி வைக்கும் பொறுப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.